கரண்ட் வந்ததும் மணி அடிக்கணும்

"அக்கா, எதிர்க் கடையில ஃபேன் சுத்துது!"

தம்பி கத்தியதும், மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்த பிளான் அக்கா எட்டிப் பார்த்தாள். மின்விசிறி சுற்றுவது மட்டுமில்லை, அதன் கீழே கடைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். ஆக, கரண்ட் வந்து வெகுநேரம் ஆகியிருக்கிறது. மூன்று பேரும் மேலே நின்று கரண்ட் ஆபீசைத் திட்டிய மும்முரத்தில் அது திரும்பி வந்ததைக் கவனிக்கவே இல்லை.

"ஓடு!" என்றாள் அக்கா.

இரண்டாம் மாடி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான்கு கணினிகளும், எல்லாப் படங்களையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பெரிய பெட்டியும் மட்டும் இருண்டு கிடந்தன. யாராவது வந்து பொத்தானை அழுத்தினால் எழுந்திருக்கலாம், வராவிட்டால் இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம் என்ற நிம்மதி அவற்றின் முகத்தில் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளான் அக்கா என்பது தெரு வைத்த பெயர். வீடோ கடையோ கட்டுகிறவர்கள் அவளிடம் வந்து பிளான் போட்டுக்கொண்டு போவார்கள். கட்டடத்தில் மற்ற மாடிகள் காலி. அலுவலகத்தில் அவள், கணினி சம்பந்தமாக எல்லாம் தெரியும் என்று தானே சொல்லிக்கொள்ளும் அவள் தம்பி, உடம்பு வாகால் பென்சில் என்று பெயர் வாங்கிவிட்ட வரைவாளர் பெண், அவ்வளவுதான். கழிவறை எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று சின்னச் சின்ன வேலையாகச் செய்து அலுத்துப்போயிருந்த இடத்துக்குப் பெரிய வேலை ஒன்று வாசல்வரை வந்திருந்தது. ஊருக்குப் புதுத் தீயணைப்பு நிலையம் கட்டப்போகிறார்கள். யாருடைய பிளான் நன்றாக இருக்கிறதோ அவர்களுக்கு வேலை. பெரிய பெரிய கம்பெனிகளோடு அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மறுபடியும் கழிவறை, ஜன்னல்தான்.

கூப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் தீயணைப்பு அதிகாரி இந்தக் கட்டடத்தைச் சோதிக்க வந்து, தண்ணீர் வாளி இல்லை, மணி இல்லை, பாதுகாப்புப் பிளான் இல்லை, வாசலில் ஓர் ஆள்கூட இல்லை என்று கட்டடக்காரரை உலுக்கி எடுத்துவிட்டார். கட்டடக்காரர் நேராக அக்காவிடம் வந்து நின்றார். "ஒரு பிளான் போட்டுக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் எழுதி, வரைந்து, கட்டடக்காரர் கையில் திணித்துவிட்டு, அடுத்த வேலையில் அதை மறந்தும் போய்விட்டாள். அதிகாரி அதைப் பார்த்து அசந்துபோய், "யார் போட்டது இது?" என்று கேட்டிருக்கிறார். அழைப்பு அப்படித்தான் வந்தது.

"ஏண்டா, கரண்ட் வந்தா இதுங்க தானா எழுந்திருக்காதா?"

"எழுந்திருக்கும்க்கா. நான்தான் வேண்டாம்னு வச்சிருக்கேன்" என்றான் தம்பி.

"எதுக்கு?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவனுக்குப் பசிகூட எடுக்காது.

"உள்ள ஒரு இடத்துல மூணு வழி இருக்குக்கா. கரண்ட் போய் வந்தா, ஒண்ணு, அணைஞ்சே கிட. ரெண்டு, உடனே எழுந்திரு. மூணு, கரண்ட் போறப்ப எப்படி இருந்தியோ அப்படியே இரு. நான் முதல் வழிய வச்சிருக்கேன். ஏன்னா, வந்த கரண்ட் அடுத்த நிமிஷமே போனாலும் போகும். அது நல்லா நிலைச்சு நின்னப்புறம் மனுஷன் வந்து பார்த்து அழுத்தினா மெஷினுக்கு நல்லது."

"விழுந்தவன் யாராவது வந்து தூக்கிவிடட்டும்னு படுத்தே கிடப்பானா? இதுக்குப் பேரு நல்லதா? சோம்பேறித்தனம்."

"எனக்கு மூணாவதுதான் பிடிச்சிருக்கு" என்றாள் பென்சில். "எங்க வீட்டுச் சண்டையெல்லாம் அப்படித்தான். நடுவுல விருந்தாளி வந்தா நிக்கும். அவங்க போனதும் விட்ட வார்த்தையிலேருந்து தொடங்கும்."

"ரெண்டாவதை வை" என்றாள் அக்கா. "கரண்ட் வந்த நொடியே எழுந்து நிக்கணும். எழுந்ததும் மணி அடிக்கணும். நாம மாடியில நின்னாலும் கேக்கணும்."

"மணி எதுக்குக்கா?"

"காலையில கரண்ட் ஆபீசுக்கு போன் பண்ணி எப்ப வரும்னு கேட்டேனே, அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'வரும்போது வரும்.' அவ்வளவு திமிரு! போக்குறது அவன் இஷ்டம்னா எழுந்திருக்கிறது என் இஷ்டம். நாங்க எழுந்துட்டோம்னு அந்த ஆபீசுக்கே கேக்கட்டும்."

அக்கா ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். தம்பி ஐந்து பெட்டிகளின் உள்ளேயும் புகுந்து வழியை மாற்றினான். தேடிப் பிடித்து, பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி ஒரு மணிச் சத்தத்தையும் ஏற்றினான். பிறகு சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டான்.

பெட்டிகள் உறுமின. திரைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து, என்னென்னவோ எழுத்துகளைக் காட்டி, சுற்று சுற்றென்று ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, சில நிமிடங்கள் சோம்பல் முறித்தன. பிறகு ஐந்தும் சேர்ந்து அடித்தன பாருங்கள், பென்சில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்துவிட்டாள். சத்தம் ஜன்னல் வழியாகத் தெருவுக்கும், கதவு வழியாகப் படிக்கட்டுக்கும் இறங்கியது.

"இப்பதான் இது உசிரோட இருக்கிற ஆபீஸ்" என்றாள் அக்கா.

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

மூன்று பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எதிர்க் கடையில் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இப்போது முழுத் தூக்கத்தில் இருந்தார்.

"அவருக்கு இருக்கு. நமக்கு மட்டும் இல்லை" என்றான் தம்பி.

"நமக்கு மட்டும்" என்று அக்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வது வழக்கம். "காலையில நான் ரெண்டு வார்த்தை கேட்டேன்ல? அதுக்குப் பழிவாங்குறான்."

"கீழே படிக்கு அடியில இருக்கிற மெயினை ஒரு தடவை பார்த்துட்டு வரட்டுமாக்கா?"

"மெயின் என்னடா பண்ணும்? அதைத் திருடிக்கிட்டா போயிடுவாங்க? பக்கத்துலயே வாட்ச்மேன் காவல் இருக்காரு."

போனுக்கு உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை. அக்கா எண்ணை அழுத்திக் காதில் வைத்தபடியே படியிறங்கினாள்.

வாட்ச்மேன் இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். சீருடையைக் கலையாமல் காப்பாற்றுவதற்காக உட்காரவே மாட்டார். தேநீர் வாங்கப் போனாலும் கையெழுத்து, வாங்கி வந்தாலும் கையெழுத்து என்று கட்டடத்தையே கண்ணில் விரல் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் வாசலுக்கு வெளியே நடுத்தெருவில் நின்று, இரண்டாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் உச்சி முதல் பாதம் வரை நோட்டம் விட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்?"

"எனக்கு என்ன ஆகணும்?"

"மத்த ரெண்டு பேரும் வரலீங்களா?"

"எதுக்கு வரணும்? சேர்த்து நிக்க வச்சு போட்டோ எடுக்கப் போறீங்களா?"

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். என்னவோ நினைவுக்கு வந்தவர்போல இறுக்கி மூடிக்கொண்டார். அதற்குள் போனில் ஆள் கிடைத்துவிட்டார்.

"கரண்ட் ஆபீஸா? பிளான் ஆபீஸ்லேருந்து பேசறேன். எங்களுக்கு மட்டும் கரண்டைப் பிடுங்கியிருக்கீங்க."

"உங்க தெருவுல கரண்ட் இருக்கேம்மா."

"தெருவுல இருக்கு. எனக்கு இல்லை. நான் தெருவுலயா உக்காந்து பிளான் போடறது?"

"ஆளை அனுப்பறோம்."

"எப்ப வருவாரு?"

"வரும்போது வருவாரு."

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. போனைப் பைக்குள் எறிந்துவிட்டுப் படியை நோக்கித் திரும்பினாள். வாட்ச்மேன் குறுக்கே வந்து நின்றார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு மேலே போங்களேன் மேடம்."

"ஏன்?"

வாட்ச்மேன் மென்று விழுங்கினார். "கையெழுத்து" என்றார் கடைசியில்.

"நான் வெளிய போகவே இல்லையே! வாசல்படியிலதானே நின்னேன்?"

"ஒரு கால் வெளிய இருந்துச்சு மேடம்."

போட்டாள். அவர் பேனாவைத் தேடியதில் நேரம் போனது. மூக்கை உயர்த்தி இரண்டு முறை காற்றை மோந்து பார்த்தார். பிறகுதான் வழிவிட்டார். கிறுக்குப் பிடித்த ஆளை வைத்திருக்கிறார் கட்டடக்காரர் என்று நினைத்துக்கொண்டு அக்கா மேலே போனாள்.

அவள் நாற்காலியில் உட்காரவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. பெட்டிகள் உறுமின, திரைகள் விழித்தன. தீயணைப்பு நிலையத்தின் படம் திரைக்கு வந்தது. வண்டிகள் நிற்கும் கூடம் முடிந்துவிட்டது. வீரர்கள் சறுக்கி இறங்கும் கம்பம், மாடிப்படி, பின்வாசல், அளவுகள் எல்லாம் பாக்கி. அக்கா ஒரு கோடு இழுத்தாள். ஐந்து பெட்டிகளும் மணியடித்தன. கரண்ட் போய்விட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று தம்பி மேசையைத் தட்டினான். "அஞ்சும் ஒரே நேரத்துல எழுந்திருக்கு பாருங்க, அந்த பாரத்தை லைன் தாங்கலை. கல்யாண மண்டபத்துல பந்திக்கு எல்லாரும் ஒண்ணா எழுந்து ஓடற மாதிரி. வரிசையா எழுப்பணும்க்கா. ஒண்ணு எழுந்து மணியடிச்சப்புறம்தான் அடுத்தது எழுந்திருக்கணும்."

அடுத்த முறை கரண்ட் வந்ததும் அதைச் செய்தான். பெரிய பெட்டிக்குப் பாரம் அதிகம் என்று அதைக் கடைசியில் போட்டான். விளைவு என்னவென்றால், அதற்கடுத்த முறை பென்சிலின் கணினி மட்டும் எழுந்தது, மணியடித்தது, கரண்ட் போனது. முன்பாவது எல்லாம் எழுந்து ஒரு கோடு இழுக்க முடிந்தது. இப்போது பெரிய பெட்டி எழுந்திருக்கவே இல்லை. பென்சிலின் கணினியில் இருந்ததெல்லாம் அவள் தங்கையின் நிச்சயதார்த்தப் படங்கள்தான்.

"மடிக்கணினியில போட்டுச் செய்யலாமே?" என்றாள் பென்சில்.

"அது சொருகி வச்சா மட்டும்தான் வேலை செய்யும்" என்றான் தம்பி.

"அப்புறம் எதுக்கு அதை மடியில வைக்கறது?"

தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். பெரிய பெட்டியை வரிசையில் முதலாவதாக மாற்றினான். அது முதலில் எழுந்தது, மணியடித்தது, போனது. இப்போது அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த மணிய எடுத்துடலாமா? அது அடிச்சாலே கரண்ட் போற மாதிரி இருக்கு."

"மணியடிச்சா கரண்ட் போகுமா? நீ படிச்சவன்தானே? சத்தம் கம்பியில ஏறி ஆபீஸ் வரைக்கும் போகுதா?"

"இல்லை, ஆனா..."

"மணிய எடுத்தா பயந்துட்டோம்னு அர்த்தம். எடுக்க மாட்டேன். இன்னும் சத்தமா வை."

தம்பி தலையில் அடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக வைத்தான்.

லைன்மேன் வரும்போது வந்தார். அவர் நேரம், அப்போது பார்த்துக் கரண்ட் இருந்தது. சுவரிலிருந்த துளையில் சோதனைக் கம்பியைச் செருகினார். அதன் தலையில் சின்ன விளக்கு எரிந்தது.

"கரண்ட் இருக்கே" என்றார்.

"இப்ப இருக்கு. போயிடும்."

"போனா கூப்பிடுங்க."

"போனப்பதான் கூப்பிட்டேன். நீங்க இருக்கிறப்ப வந்திருக்கீங்க."

"இருக்கிறப்ப வந்தது தப்பா?" லைன்மேனுக்கு நிஜமாகவே வருத்தம். "கம்பத்துல ஏறிப் பார்த்துட்டேன். லைன் சுத்தமா இருக்கு. சும்மா சும்மா ஆபீசைக் குறை சொல்லாதீங்க. வாசல்ல நாலு கையெழுத்து வேற வாங்கிட்டாரு அந்த ஆளு."

கம்பியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருவுக்குப் போய் வண்டியில் ஒரு காலைத் தூக்கிப் போடுகிறார், இங்கே பெரிய பெட்டி மணியடிக்கிறது, கரண்ட் போகிறது. அக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டாள்.

"யோவ்! போறப்ப கரண்டை எடுத்துட்டுப் போறியா? நில்லுய்யா! வச்சுட்டுப் போ!"

லைன்மேன் நிமிர்ந்து பார்த்தார். இந்த மாதிரி ஆட்களோடு பேசுவதற்குத் தனக்குச் சம்பளம் கிடையாது என்று முடிவு செய்தவராக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வாசலில் நின்ற வாட்ச்மேன் மட்டும், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய அக்காவைப் பார்த்துப் பதறி, "குதிச்சிடாதீங்க மேடம்! படி வழியா வாங்க!" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"நான் ஏன்யா குதிக்கணும்? குதிக்க வேண்டியவன் அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கான்!"

உள்ளே வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. பென்சில் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மேசையைத் துடைத்தாள்.

"வாழ்க்கையில ஒரு தடவை" என்றாள் அக்கா. "ஒரே ஒரு தடவை கழிவறை இல்லாத பிளான் கேட்டாங்க."

"இதுலயும் கழிவறை இருக்குக்கா" என்றான் தம்பி.

"வாயை மூடு. போய் எதிர்க் கடையில ஏதாவது பேட்டரி இருக்கான்னு கேளு. கரண்டே வேண்டாம் நமக்கு. அவன் குடுத்தாதானே பிடுங்குவான்?"

எதிர்க் கடைக்காரர் தூக்கம் கலைந்து, மூலையில் தூசி படிந்து கிடந்த பேட்டரிப் பெட்டியைக் காட்டினார். "எடுத்துட்டுப் போங்க, சார்ஜ் இருக்கு. காலையில போய் வந்ததோட சரி, எனக்கெங்க கரண்ட் போகுது?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பிக்கு அது குத்தலாகக் கேட்டது. அவனும் பென்சிலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"இது என்ன?"

"பேட்டரி."

"இது வெடிக்குமா?"

"அக்கா வெடிக்கறதுக்குள்ள விடுங்க" என்றாள் பென்சில். பேட்டரிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினார்கள்.

பேட்டரியில் பெரிய பெட்டியையும் ஒரு கணினியையும் மாட்டலாம், அதற்குமேல் தாங்காது என்றான் தம்பி. போதும் என்றாள் அக்கா. இன்னொன்றும் சொன்னாள்.

"இந்த மணி ஒரு தடவை அடிச்சுட்டு நிக்கக் கூடாது. யாராவது வந்து தட்டுற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"எதுக்குக்கா?"

"ஒரு தடவை அடிச்சு நின்னா, செத்துட்டான்னு நினைச்சுக்குவான்."

பெரிய பெட்டி எழுந்தது. மணியடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்துக்கு வந்திருந்த கரண்ட் வழக்கம்போலப் போனது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. திரை மட்டும் அசையாமல் நின்றது. அதில் தீயணைப்பு நிலையம் கோடு கோடாக மின்னியது.

அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். "போச்சா? போகட்டும்! என் பெட்டி நிக்குது பாரு! வாடா, இப்பப் பிடுங்கு!"

தம்பி மணியை நிறுத்தக் கையை நீட்டினான்.

"தொடாதே! அடிக்கட்டும். கேக்கிறவனுக்குக் கேக்கட்டும்."

காகிதத்தைக் கிழித்து உருட்டி மூன்று பேரும் காதில் அடைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்தது வேலை. பென்சில் அளவைக் கையால் எழுதிக் காட்ட, அக்கா கோடு இழுத்தாள். மாடிப்படி ஏறியது. கம்பம் இறங்கியது. பின்வாசல் திறந்தது. தம்பி பேட்டரியின் அளவைப் பார்த்து விரல்களை மடக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான். மணி ஓயாமல் அடித்தது. கரண்ட் மட்டும் இந்த முறை திரும்பி வரவே இல்லை. வந்திருந்தாலும் அவர்கள் கவனித்திருக்கப் போவதில்லை. கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு அக்கா காதுக் காகிதத்தைப் பிடுங்கி எறிந்தாள்.

"அனுப்பு!"

"இன்டர்நெட் பெட்டிக்குக் கரண்ட் இல்லைக்கா. அதைப் பேட்டரியில மாட்டலை."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லை. பென்டிரைவில் படத்தை இறக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "தீயணைப்பு ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. ஆட்டோ பிடி. ஓடியாவது போறேன். அஞ்சு அடிக்கிறதுக்குள்ள அந்த அதிகாரி கையில இதை வைக்கலைன்னா நான் பிளான் அக்கா இல்லை."

மூன்று பேரும் இருட்டுப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள். மேலே அவர்கள் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பாதிப் படியில் இன்னொரு மணியும் கேட்டது. இது தெருக்கோடியிலிருந்து வந்தது. அக்காவின் மணியைவிடப் பெரிய மணி.

அவர்கள் வாசலைத் தாண்டவும் சிவப்பு வண்டி ஒன்று வந்து தெருவை அடைத்துக்கொண்டு நிற்கவும் சரியாக இருந்தது. தலைக்கவசம் போட்ட ஆட்கள் குதித்துக் குழாயை இழுத்தார்கள். எதிர்க் கடைக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து, கல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" வாசலில் நின்ற வாட்ச்மேன் இவர்களை விரல் நீட்டி எண்ணினார். முன்னால் இறங்கிய அதிகாரிக்கு விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். "மூணு பேரும் வெளிய வந்தாச்சு சார்!"

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். போன மாதம் இந்தக் கட்டடத்துக்கு வந்தவரேதான். அவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஓடினாள்.

"சார், உங்களைத் தேடித்தான் வந்துட்டிருந்தேன்! இன்னும் அஞ்சு ஆகலை, உங்க கடிகாரத்துலயே பார்த்துக்குங்க. புது நிலையத்தோட பிளான்!"

அதிகாரி கையில் பென்டிரைவ் வந்துவிட்டது. அவர் அதையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார்.

"பிளான் இருக்கட்டும்மா. தீ எங்கே?"

"தீயா? காலையிலேருந்து என் வயித்துலதான் எரியுது சார், வேற எங்கயும் இல்லை. அந்தக் கரண்ட் ஆபீஸ்காரன் நாள் முழுக்க என்னைப் பாடாப் படுத்திட்டான். வர்றது, நாங்க எழுந்திருக்கிறது, உடனே பிடுங்கறது. எத்தனை தடவை! ஒரு கேள்வி கேட்டதுக்குப் பழி. ஆனா நான் விட்டுக் குடுக்கலை சார். அவன் அணைக்க அணைக்க எழுந்து மணியடிச்சேன். கடைசியில ஜெயிச்சது யாரு? நான்தான். அந்த மணிதான் இன்னும் அடிக்குது, கேளுங்க!"

அதிகாரி கேட்டார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. குழாயைப் பிடித்திருந்த ஆட்கள் தண்ணீரை எங்கே அடிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி பென்டிரைவைச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"போன் பண்ணது நீங்கதானே? என்ன நடந்துச்சு?"

வாட்ச்மேன் அக்காவையும், தம்பியையும், பென்சிலையும் இன்னொரு முறை எண்ணிச் சரிபார்த்தார்.

"இப்பப் பேசலாங்களா சார்?"

"பேசுங்க."

நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த மூச்சை வாட்ச்மேன் நீளமாக விட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, பாராட்டை எதிர்பார்க்கிறவரின் வெட்கச் சிரிப்போடு சொன்னார்:

"மணி அடிச்சா உடனே மெயினை அணை, புகை இல்லைன்னா திரும்பப் போடு, அணைச்சும் மணி நிக்கலைன்னா தீயணைப்புக்கு போன் பண்ணு, ஜனங்க பதறாம இருக்கக் கடைசி ஆள் வெளிய வர்ற வரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாதேன்னு இந்தக் கட்டடத்துக்கு நீங்க போட்ட பிளான்ல என்ன இருக்கோ, அதைத்தான் மேடம் காலையிலேருந்து ஒண்ணு விடாம செஞ்சுக்கிட்டிருக்கேன்!"